மூச்சுப்பெட்டி பழுதான இருபத்திரண்டு நாள்

காவிரிக்கு இந்தக் கரையில், ராத்திரியும் பகலும் விசைத்தறி ஓடுகிற ஓர் ஊரில், ஆறு வீடுகள் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கிற லைன் வீட்டில், தூங்கினால் மூச்சு விட மறந்துபோகிற ஒருத்தன் இருந்தான். அவன் பேர் சென்னியப்பன். அவன் ராத்திரி ஷிப்டில் எட்டுத் தறி ஓட்டி, விடிந்து வீட்டுக்கு வந்து, ஊரெல்லாம் வேலை செய்கிற பகல் நேரத்தில் தூங்கி, பொழுது சாய எழுந்திருக்கிறவன். தூங்கும்போது அவன் மூச்சு குறட்டையாக ஏறி, ஏறி, உச்சிக்குப் போனதும் நின்றுவிடும். நின்ற மூச்சு திரும்புவதற்குள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நெஞ்சு அடைக்கும். ஒரு மணி நேரத்துக்கு முப்பத்தாறு தடவை அப்படி நிற்கிறது என்று டாக்டர் எண்ணிச் சொன்னார். ஒருநாள் தறி முன்னால் நின்றபடியே அவன் தூங்கிப்போய், குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற நாடா தெறித்து வந்து நெற்றியில் அடித்து ஏழு தையல் போட்ட பிறகுதான், அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தது.

இட்லிக் குண்டான் அளவுக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய். குழாயின் நுனியில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க். பெட்டி காற்றைத் தள்ளும், காற்று தொண்டையைத் திறந்து வைக்கும், அவன் மூச்சு நிற்காமல் போய் வரும். லைன் வீட்டுக்காரர்கள் அதற்கு மூச்சுப்பெட்டி என்று பேர் வைத்தார்கள்.

பெட்டியைப் பார்த்துக்கொள்வது அவன் பெண்டாட்டி கோகிலவாணியின் வேலை. அவளுக்கு இருபத்துநாலு வயசு, நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச வராது, ஆனால் சொன்ன வேலையை ஒன்று விடாமல் செய்வாள். சாயங்காலம் நாலு மணிக்கு அவன் எழுந்ததும் மாஸ்க்கைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவுவாள். குழாயை அலசி, புடலங்காயைக் கல் கட்டித் தொங்கவிடுகிற மாதிரி துணிக்கொடியில் நீளமாகத் தொங்கவிடுவாள். பெட்டிக்குள் இருக்கிற சின்னத் தொட்டியில் போர்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும் என்று கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, அதைத்தான் ஊற்றுவாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். பஞ்சைத்தான் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஊரில் காற்று என்றால் பாதி பஞ்சு. சோற்றில் பஞ்சு, கொடியில் காய்கிற துணியில் பஞ்சு, தூங்குகிற பிள்ளையின் கண்ணிமையில் பஞ்சு. பெட்டி காற்றை இழுக்கிற வாயில் இருந்த வெள்ளை ஃபில்ட்டர் நாலே நாளில் எலித்தோல் மாதிரி ஆகிவிடும். அதனால் கோகிலவாணி, பாலுக்கு வடிகட்டித் துணி போடுகிற நினைப்பில், புருஷன் தறியில் ஓட்டின லுங்கித் துண்டிலிருந்து ஒரு சாண் வெட்டி, ரெண்டாக மடித்து, பெட்டியின் அந்த வாயில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். அதற்கப்புறம் பெட்டியின் குரல் மாறிப்போனது. முக்காடு போட்டுக்கொண்டு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. பஞ்சு போகாமல் இருக்கிறதே, அது போதும் என்று அவள் நினைத்தாள்.

இன்னொரு வேலையும் அவளுக்கு இருந்தது. வீட்டில் ரெண்டு வயசுப் பிள்ளை, பேர் தன்ஷிகா. பகலில் அந்தப் பிள்ளை சத்தம் போடக்கூடாது. அப்பன் பாதித் தூக்கத்தில் எழுந்தால் ராத்திரி தறியில் கண் சொருகும், மறுபடியும் நாடா தெறிக்கும். அதனால் அழ ஆரம்பித்தாலே கோகிலவாணியின் கை பிள்ளையின் வாய்க்குப் போய்விடும். நாள் ஆக ஆகப் பிள்ளையும் பழகிக்கொண்டது. வாயைப் பெரிதாகத் திறந்து, முகம் சிவந்து, கண்ணீர் ஓடி, துளிச் சத்தம் வராமல் அழுவதற்கு அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாத விஷயம் யாருக்காவது இருந்தால், அவர்கள் தறிக்கூடத்துக்குப் போய், ஓடுகிற ரெண்டு தறிக்கு நடுவில் சுவரைப் பார்த்து நின்று, அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடக் கேட்காது. சுவரைப் பார்த்து நிற்பது எதற்கென்றால், தறி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கிறவர்கள். யாராவது சுவரைப் பார்த்து நின்றால் மற்றவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். அது மரியாதை. கோகிலவாணிக்கும் ஆடி மாசத்திலிருந்து அப்படி ஒன்று இருந்தது. அவள் அதைச் சுவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்குப் பெட்டி நின்றது. கருகின வாடை வந்தது. அவள் ஓடிப்போய் மாஸ்க்கைப் பிடுங்கிப் புருஷனை எழுப்பி உட்கார வைத்தாள்.

டவுனில் மிக்ஸி, செல்போன், ஆஸ்பத்திரி மிஷின் என்று எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்கிற ஜாபர் பாய் பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சு மெத்தை மாதிரி அப்பியிருந்தது. ரப்பர் பேண்டு போட்ட லுங்கித் துணியை அவர் ரெண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கோவணத்த இதுக்கு யாரு கட்டுனது?"

"நாந்தானுங்க… பஞ்சு உள்ள போவக்கூடாதுன்னு."

"பஞ்சு நிக்கல, காத்துதான் நின்னு போச்சு. மூக்கப் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா ஓடுவியா தாயி? அதேதான். மோட்டார் இறுகிப் போச்சு." அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா, பாவம். மோட்டாரு வெளியூர்லருந்து வரணும். மூணு வாரம் ஆவும். அதுவரைக்கும் அவரைப் பெட்டி இல்லாம தூங்க விட்டுராத."

பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு எல்லா மிஷினிலும் ஆள் இருக்கிறது என்றார்கள். டாக்டர் போனில், மல்லாந்து படுக்க விடாதே என்றார். அவள் அவன் பனியனின் முதுகில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்தாள், மல்லாந்தால் குத்தி எழுப்பட்டும் என்று. சென்னியப்பன் பந்தின் மேலேயே மல்லாந்து படுத்தான்; குறட்டை ஏறி, உச்சியில் மூச்சு நின்றது. அவள் உலுக்கி எழுப்பினாள். அப்படியே ரெண்டு பகல், ரெண்டு ராத்திரி தூங்காமல் போனது. மூன்றாம் நாள் காலையில் டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே சுவரில் சாய்ந்தவன், எத்தனை உலுக்கியும் எழுந்திருக்கவில்லை. மூச்சும் திரும்பவில்லை.

"மாமா! மாமா!" என்று அவள் போட்ட சத்தத்தில் முதலில் ஓடி வந்தவன் நாலாவது வீட்டு மாதேஸ். பகல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், தலையில் பாதி எண்ணெய், பாதி காய்ந்த முடி. அவன் ஒரு பார்வை பார்த்தான். தறிக்காரன் வாய் சும்மா இருக்காது. நாடாவுக்குள் நூல் சுற்றின தார்க்குச்சி மாற்றும்போதெல்லாம் நாடாக் கண்ணில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுத்து, ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அப்படிச் செய்தே பழகினவன். துளை என்று ஒன்றைப் பார்த்தால் அவன் வாய் தானாகப் போகும். மாதேஸ் கொடியில் தொங்கின குழாயை இழுத்து, மாஸ்க்கைச் சென்னியப்பன் முகத்தில் வைத்து அழுத்தி, பெட்டியில் சொருக வேண்டிய நுனியைத் தன் வாயில் வைத்து ஊதினான்.

சென்னியப்பனின் நெஞ்சு எழும்பியது. மாதேஸ் மறுபடியும் ஊதினான். மறுபடியும் எழும்பியது. நாலாவது ஊதலில் சென்னியப்பன் கண்ணைத் திறக்காமல், மாஸ்க்குக்குள் வாய் அசைய, மாதேஸின் குரலில் பேசினான்.

"ருக்குமணியக்கா நோம்பிக்கு நேந்து விட்ட சேவல அடிச்சுக் கொழம்பு வெச்சது நாந்தான்."

பக்கத்து வீட்டு ருக்குமணி, வீட்டில் தார் சுற்றிப் பிழைக்கிறவள், அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள்.

"அடப்பாவி! எட்டு நாளு ஓடையெல்லாம் தேடுனேன்டா! கூடவே நீயும் தேடுனியேடா, டார்ச்சு லைட்டு அடிச்சுக்கிட்டு!"

மாதேஸால் பதில் சொல்ல முடியவில்லை, வாயில் குழாய் இருந்தது. கண்ணை மட்டும் உருட்டினான். அவனுக்கு மூச்சு வாங்கியதும் ருக்குமணி குழாயைப் பிடுங்கினாள். "நகுருடா சேவத் திருடா" என்று சொல்லிவிட்டு அவள் ஊத ஆரம்பித்தாள். சென்னியப்பனின் வாய் ருக்குமணியின் குரலில், மெதுவாக, அழுகையை விழுங்கிக்கொண்டு பேசியது.

"எம்புள்ள ஓடிப்போவல. நாந்தான் பையில துணி வெச்சு, அந்தப் பையன்கூட பஸ்ஸு ஏத்தி உட்டேன். திருப்பூர்ல நல்லா இருக்கறா. மாசம் ஒருக்கா போன் பண்றா."

வாசலில் ருக்குமணியின் புருஷன் நின்றிருந்தான். மூன்று வருஷமாக ஓடிப்போன மகளைச் செத்தவள் என்று சொல்லி, அவள் பேர் எடுத்தால் சோற்றுத் தட்டை எறிகிறவன். அவனோடு சேர்ந்து ருக்குமணியும் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு சாபம் விட்டதை அந்த லைனே பார்த்திருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அன்றைக்குச் சாயங்காலம் அவள் பாத்திரங்களும் தார் ராட்டையும் வெளியே கிடந்தன. பத்தாம் நாள் ருக்குமணி ஒரு கட்டைப்பையோடு திருப்பூர் பஸ் ஏறினாள். வீதியில் ஒருத்தரும் அவளை வழியனுப்பப் போகவில்லை, கோகிலவாணி உட்பட. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

சென்னியப்பன் அன்றைக்குக் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா மாதேசு, சேவலயா திருடுன?" என்பது. தூக்கத்தில் அவன் வாய் சொன்னது அவன் காதிலும் விழுந்திருந்தது.

ஊதாவிட்டால் அவன் செத்துப்போவான், ஊதினால் ஊதினவர் குடும்பம் சந்திக்கு வரும். லைன் வீட்டுக்காரர்கள் யோசித்தார்கள். அதிசயம் எப்படி வந்தது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. அதை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் யோசித்தார்கள். மாதேஸ்தான் வழி சொன்னான். "கட்டில தறிக்கூடத்துக்குத் தூக்கிருவோம். பகல் ஷிப்டுல பதினாறு தறி ஓடுது. அவன் என்ன கத்துனாலும் எவனுக்குக் கேக்குது? வாயும் மாஸ்க்குக்குள்ள கெடக்குது, ஒதட்டயும் படிக்க முடியாது. மொறை போட்டுக்குவோம், ஆளுக்கு அரை மணி நேரம்."

அப்படியே செய்தார்கள். கயிற்றுக் கட்டிலைத் தறிக்கூடத்தின் மூலையில் போட்டு, சென்னியப்பன் ஷிப்டு முடிந்து அங்கேயே படுத்துக்கொள்ள, முறைக்காரர் வந்து முக்காலியில் உட்கார்ந்து குழாயை வாயில் வைத்துக்கொள்வார். தறி தடதடவென்று ஓடும். மாஸ்க்குக்குள் அவன் வாய் அசையும். ஊதுகிறவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். அரை மணி கழித்து எழுந்து போகும்போது அவர் நடை மாறியிருக்கும், தலைச்சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி.

முதல் வாரம் லைன் வீட்டுக்காரர்கள் மட்டும் வந்தார்கள். ரெண்டாவது வாரம் பக்கத்து வீதியிலிருந்து வந்தார்கள். அப்புறம் சாயப்பட்டறையிலிருந்து கை நீலமாக இருந்தவர்கள் வந்தார்கள், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா வந்தது, ரெண்டு பெண்டாட்டிக்காரர் ஒருத்தர் ரெண்டு பேருக்கும் தெரியாமல் வந்தார். சுவரிடம் சொன்னால் சுவர் சும்மா நிற்கும். இங்கே சொன்னால் ஓர் ஆள் வாங்கிக்கொள்கிறான், அதுவும் அவனுக்குத் தெரியாமலேயே வாங்கிக்கொள்கிறான். யாரோ குழாயில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். யாரோ முக்காலியின் மேல் துண்டு விரித்தார்கள். தறிக்கூடத்து முதலாளி, "இதென்ன ஆஸ்பத்திரியா, கோயிலா? ஆளுங்க தறியப் பாக்காம வரிசைல நிக்கறாங்க" என்று சத்தம் போட்டார். ஒருநாள் மத்தியானம் எல்லாரையும் சாப்பிட அனுப்பிவிட்டு, தறியை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவரே முக்காலியில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஊதினார். அதற்கப்புறம் அவர் சத்தம் போடவில்லை. மறுநாள் அந்த மூலைக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்துவிட்டார்.

ஊர் இப்படி லேசாக ஆனது. சென்னியப்பன் கனமாக ஆனான். என்ன ஏது என்று அவனுக்குத் தெரியவில்லை. தறி முன்னால் நின்று தார் மாற்றும்போது காரணமில்லாமல் கண் கலங்கும். சோறு பாதியில் நிற்கும். "யாரையோ ஏமாத்திட்ட மாதிரி இருக்குது கோகி, யாருன்னுதான் தெரியல" என்பான். நூல் மூட்டை போடுகிற எடைமேடையில் மாதேஸ் விளையாட்டாக அவனை ஏற்றினான். தொண்ணூற்றாறு கிலோ இருந்தவன் நூற்றுப் பதினாலு காட்டினான். அவன் சட்டையோ அதே அளவில்தான் இருந்தது. கட்டில் கயிறு நாளுக்கு நாள் தொய்ந்து, மூன்றாவது வாரத்தில் அவன் முதுகு தரையைத் தொட்டது.

கோகிலவாணி காலையும் மாலையும் மாஸ்க்கைக் கழுவினாள், ஒவ்வொருத்தர் வாய் வைத்த பிறகும் குழாய் நுனியை வெந்நீரில் முக்கினாள், முறைக்காரர்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்தாள். ஊதுவதற்கு மட்டும் உட்காரவில்லை.

"ஏம்புள்ள, ஊரே ஊதுது. பொண்டாட்டி நீ ஒருநாளும் ஊதலயே?" என்று பூக்கார அம்மா கையாட்டி உதட்டசைத்துக் கேட்டது.

"பாப்பா இருக்கறாளுங்க."

"பாப்பாவ நான் வெச்சுக்கறேன், குடு."

"எனக்குச் சளிங்க."

தறிக்கூடத்தில் எல்லாரும் உதட்டைப் படிக்கிறவர்கள். அவள் சொன்னதையும் படித்தார்கள், சொல்லாததையும் படித்தார்கள்.

இருபத்திரண்டாம் நாள் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை கரண்ட் இருக்காது என்று முந்தின நாளே அறிவிப்பு வந்தது. கரண்ட் இல்லையென்றால் தறி இல்லை. தறி இல்லையென்றால் சத்தம் இல்லை. கோகிலவாணி ஜாபர் பாய்க்குப் போன் போட்டாள். "சாயந்தரம் வந்துரும் தாயி, எப்படியாவது அஞ்சு மணி வரைக்கும் தூங்க விடாம பாத்துக்க" என்றார்.

ஒன்பது மணிக்கு எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே இருந்தவர்களுக்குக் காது வலித்தது. காக்கா கத்துவது, டேங்கில் தண்ணீர் சொட்டுவது, பக்கத்து வீதியில் யாரோ இருமுவது எல்லாம் கேட்டது. தறிக்கூடத்து மூலையிலேயே கோகிலவாணி புருஷனுக்குக் காப்பி கொடுத்தாள், முகத்தில் தண்ணீர் அடித்தாள், பிள்ளையை அவன் மடியில் போட்டாள். ராத்திரி முழுக்கத் தறி ஓட்டினவன். அவன் கனத்துக்கு அவனைத் தூக்கி நடக்க வைக்க நாலு பேர் வேண்டும். பன்னிரண்டு மணிக்கு மடியில் பிள்ளையோடு தொய்ந்த கட்டிலில் சாய்ந்தான். குறட்டை ஏறியது.

அவள் வாசலுக்கு ஓடினாள். வேலையில்லாத நாள் என்பதால் தறிக்கூடத்து வாசலில் நாற்பது ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் ஊதினவர்கள்.

"அண்ணா, வாங்கண்ணா" என்றாள் மாதேஸைப் பார்த்து.

மாதேஸ் தலையைக் குனிந்துகொண்டான். "சேவலு மட்டுமா கெடக்குது எங்கிட்ட…" என்றான்.

"அம்மா, நீங்க வாங்கம்மா."

பூக்கார அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. நீலக் கைக்காரர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தரும் உள்ளே வரவில்லை. ஒருத்தரும் திரும்பிப் போகவும் இல்லை.

உள்ளே குறட்டை உச்சிக்குப் போய் நின்றது. அந்த நிசப்தத்தில் அது நின்றது வீதி முழுக்கக் கேட்டது.

கோகிலவாணி திரும்பி வந்தாள். பிள்ளையை எடுத்துத் தரையில் உட்கார வைத்தாள். மாஸ்க்கை அவன் முகத்தில் வைத்து வாரை இழுத்து மாட்டினாள், அவள்தான் போன மாசம் தறி நூலால் தைத்த வார். முக்காலியில் உட்கார்ந்து, மஞ்சள் கயிறு கட்டின குழாயை வாயில் வைத்து, ஊதினாள்.

நெஞ்சு எழும்பியது. அவள் குரலிலேயே, நாலு பேர் முன்னால் பேச வராத அந்தச் சின்னக் குரலிலேயே, அவன் பேசினான்.

"ஆடி மாசம். பாப்பா அழுதா. வாயப் பொத்துனேன்."

அவள் குழாயை எடுத்துவிட்டாள். நெஞ்சு அடங்கியது. அடுத்த மூச்சு வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வராது என்று தெரிந்தது. ஊதினாள்.

"கைய எடுக்கறப்ப பாப்பா ஒதடு நீலமா இருந்துச்சு."

வாசலில் யாரோ "அய்யோ" என்றார்கள். அவள் ஊதினாள். நிறுத்தினால் அவன் மூச்சு நிற்கும், ஊதினால் அடுத்த வார்த்தை வரும். ரெண்டுக்கும் நடுவில் அவளுக்கு இடமே இல்லை.

"தலகீழாப் புடிச்சு முதுகுல தட்டித் தட்டி, அப்பறம் மூச்சு வந்துச்சு. சத்தம் வரல. மூச்சு மட்டும் வந்துச்சு."

ஊதினாள்.

"அந்நேரம் கரண்ட்டு போயிட்டு வந்துச்சு. கரண்ட்டு வந்தாலும் பெட்டி தானா ஓடாது. பொத்தான அமுக்கணும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள்.

"மாமா மூச்சு நின்னு கெடந்துச்சு. நான் பொத்தான் மேல வெரல வெச்சுக்கிட்டு நின்னேன். அமுக்கல."

ஊதினாள்.

"இந்த மூச்சுக்காகத்தான எம்புள்ள மூச்ச அடக்குனேன். அது நின்னா என்னன்னு பாத்தேன். எண்ணிக்கிட்டு நின்னேன்."

அதற்கப்புறம் அவள் ஊத ஊத வெறும் எண்கள் வந்தன. ஒரு மூச்சுக்கு ஓர் எண். ஒண்ணு. ரெண்டு. மூணு. வாசலில் நின்றவர்கள் அசையாமல் கேட்டார்கள். நாற்பது மூச்சு ஊதி நாற்பது எண்ணையும் அவள் அவன் வாயிலிருந்து வாங்கினாள். நாற்பதுக்குப் பிறகு அவன் ஒன்றும் பேசவில்லை. அவளிடம் வேறெதுவும் இல்லை. சாயங்காலம் ஐந்து மணி வரை அவள் நிறுத்தாமல் ஊதினாள், உதடு வெடித்து ரத்தம் வந்து குழாய்க்குள் இறங்கியது, அப்போதும் யாரும் உள்ளே வந்து அவளை மாற்றிவிடவில்லை.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. பதினாறு தறியும் ஒன்றாக எழுந்தது. சென்னியப்பன் கண் விழித்தான். தறிக்காரர்கள் அவரவர் தறிக்குப் போனார்கள். அவளைத் தாண்டிப் போகும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஆறு மணிக்கு ஜாபர் பாய் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "உம் பெட்டிக்கு மோட்டாரு கெடைக்கல தாயி. இது வேற. சேலத்துல ஒருத்தரு வெச்சிருந்தது. அவரு இப்ப இல்ல. பெட்டிக்கு ஒண்ணுமில்ல, நல்லா ஓடுது. மாஸ்க்கு, குழாய், ஃபில்ட்டரு எல்லாம் புதுசு. துணி கிணி கட்டிறாத. வாரம் ஒருக்கா ஃபில்ட்டரத் தட்டு, மாசம் ஒருக்கா மாத்து." அவள் வெடித்த உதட்டைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சென்னியப்பன் ஷிப்டுக்குப் போகவில்லை. வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து புதுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் தறிச் சத்தத்தில் அவன் வாய் சொன்னது எதுவும் அவன் காதுக்கு எட்டவில்லை. இன்றைக்குப் பகலில் தறி ஓடவில்லை.

"நாப்பதுலதான் அமுக்குனியா?" என்று கேட்டான்.

"நாப்பதுல அமுக்குனேன் மாமா."

"நாப்பத்தொண்ணு ஆயிருந்துச்சுன்னா?"

அவள் தரையில் உட்கார்ந்து மாஸ்க்கின் புது வாரை அவன் தலை அளவுக்குத் தளர்த்திக்கொண்டிருந்தாள். அவன், "இனி பாப்பா வாய்ல கை வெக்காத. அழுதா அழுவட்டும். எந்திரிச்சா எந்திரிச்சுக்கறேன்" என்றான்.

அவள் வைக்கவில்லை. ஆனால் பிள்ளைக்குச் சத்தம் போட்டு அழ மறந்துபோயிருந்தது. கீழே விழுந்து முழங்கால் கிழிந்தாலும் வாயைப் பெரிதாகத் திறந்து, சத்தமில்லாமல்தான் அழுதது.

லைன் வீட்டுப் பெண்கள் கோகிலவாணியோடு பேசுகிறார்கள், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் குடத்தை நகர்த்தி இடம் விடுகிறார்கள். தங்கள் பிள்ளைகளை மட்டும் அவள் வீட்டில் விட்டுவிட்டுப் போவதில்லை. மனசில் ஏதாவது இருந்தால் ஊர் மறுபடியும் சுவரைப் பார்த்து நிற்கிறது. சென்னியப்பன் எடைமேடையில் இன்னும் நூற்றுப் பதினாலுதான். கொடுத்தவர்கள் யாரும் தங்களுடையதைத் திரும்ப வாங்க வரவில்லை.

அவள் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். மாஸ்க்கைக் கழுவுகிறாள், குழாயைக் கொடியில் போடுகிறாள், ஆறின தண்ணீர் ஊற்றுகிறாள், செவ்வாய்க்கிழமை தவறாமல் ஃபில்ட்டரைத் தட்டுகிறாள். காலை எட்டு மணிக்கு அவன் வந்து படுக்கிறான். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கண்ணை மூடுவதில்லை. அவள் விரல் பொத்தானுக்குப் போகிறதா என்று பார்க்கிறான். பார்த்தபடியே வலது கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்து வைத்துக்கொள்கிறான், எண்ணுவதற்குத் தயாராக. அவன் கோபமாகச் செய்வதில்லை. செருப்பைக் கழற்றி வைக்கிற மாதிரி, படுக்கிறதுக்கு முன்னால் செய்கிற ஒரு வேலையாகச் செய்கிறான். முதல் விரல் மடங்குவதற்குள் அவள் அமுக்கிவிடுகிறாள்.

தை மாசத்தில் ஒருநாள், பிள்ளை கட்டில் ஓரத்தில் ஏறி அப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. தினமும் பார்த்துப் பார்த்து அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது. அப்பன் கையைத் தூக்கினதும் அதுவும் தன் சின்னக் கையைத் தூக்கி விரலை விரித்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அப்புறம் சுண்டுவிரலை மடக்கி, அந்த வீட்டில் பகல் நேரத்தில் அதுவரை யாரும் கேட்டிராத பெரிய சத்தத்தில், "ஒண்ணு!" என்றது.

கோகிலவாணி பொத்தானை அமுக்கினாள்.